பதின்மூன்று வயது பஜேரோ

மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் 2012 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. விலை 23 லட்சம் ரூபாய்க்கு மேல். 2,477 சிசி டீசல் எஞ்சின், 178 பிஎஸ் திறன், ஏணி வடிவ இரும்பு சேசிஸ், நான்கு சக்கர இயக்கம். எடை இரண்டு டன்னைத் தாண்டும். திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பாகங்கள் பூட்டப்பட்டு வெளியே வந்தது. காட்டுப் பாதை, ஆற்று மணல், மலைச்சரிவு என எங்கும் போகும் என்று பெயர் எடுத்தது. அந்தப் பெயர் பொய்யில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தது. இந்த எஞ்சின் அந்த விதிக்கேற்ப மாற்றப்படவில்லை. விற்பனை நின்றது. மிட்சுபிஷி கார்களை உருவாக்கிய அதே திருவள்ளூர் ஆலையில் பின்னர் சிட்ரோயன் கார்கள் தயாராயின.

2013இல் பதிவான ஒரு பஜேரோ ஸ்போர்ட்டுக்கு 2026இல் வயது 13. புதிய வண்டிக்குக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்குக்கு அது விற்பனைக்கு வருகிறது. விளம்பரத்தில் வழக்கமான சொற்கள் இருக்கும்: சிங்கிள் ஓனர், குறைந்த ஓட்டம், ஷோரூம் கண்டிஷன். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஓடோமீட்டர் தூரத்தை மட்டுமே அளக்கிறது. ரப்பர், பிரேக் ஆயில், இரும்பு, ஆர்.சி. புத்தகம் ஆகியவை நிற்கும் வண்டியிலும் மூப்படைகின்றன.

இரண்டு பெல்ட்டுகள்

இந்த எஞ்சினின் முன்பக்கம் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள் உள்ளன. பெரியது டைமிங் பெல்ட். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது இதன் வேலை. சிறியது பேலன்சர் பெல்ட். எஞ்சினின் அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டை அது சுழற்றுகிறது. சிறியது இல்லாமலும் எஞ்சின் ஓடும். அதிர்வு மட்டும் கூடும்.

ஆபத்து இரண்டும் இருக்கும் இடத்தில் உள்ளது. சிறிய பெல்ட், பெரியதற்கு அருகிலேயே அதே மூடிக்குள் ஓடுகிறது. சிறியது அறுந்தால் அதன் துண்டு பெரியதன் பற்களுக்குள் சிக்கலாம். பெரியது சில பற்கள் நழுவும், அல்லது அறும். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது ஒரு பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்கு வர 0.015 வினாடி ஆகிறது. அதற்குள் ஓட்டுநர் எதுவும் செய்ய முடியாது. திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் மோதும். ராக்கர் ஆர்ம் உடையும், வால்வு வளையும், சில வேளை பிஸ்டனும் சேதமாகும். ஹெட்டைக் கழற்றாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

பெல்ட்டை ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். 13 ஆண்டுகளில் 85,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியில் அது இன்னும் மாற்றப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். தூரக் கணக்கில் தவணை வரவில்லை. ரப்பருக்கோ 13 வயது. குறைந்த ஓட்டம் என்ற நற்சான்று இங்கே எதிர்ப்பக்கம் சாட்சி சொல்கிறது.

பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் சொன்னால் தேதி, கிலோமீட்டர், பாக எண் மூன்றும் எழுதிய பில் இருக்க வேண்டும். பெரிய பெல்ட்டோடு சிறியது, டென்ஷனர், புல்லிகள், தண்ணீர் பம்ப் ஆகியவையும் மாற்றப்பட்டனவா என்பதை அந்த பில்தான் சொல்லும். பெரிய பெல்ட்டை மட்டும் மாற்றி, பழைய சிறியதை விட்டுவைத்த வேலை, செய்யாத வேலைக்குச் சமம்.

எரிபொருளும் டர்போவும்

இது காமன் ரெயில் எஞ்சின். ஒரே குழாயில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் தேக்கப்பட்டு, அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். இன்ஜெக்டரின் துளைகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் துளி நீரும் அந்தத் துளைகளைத் தேய்க்கப் போதும்.

தேய்ந்த இன்ஜெக்டர் டீசலைப் புகையாகப் பீய்ச்சாமல் துளியாகச் சொட்டும். துளி பிஸ்டனின் தலையில் விழுந்து ஒரே இடத்தில் எரியும். அந்த இடம் உருகிப் பிஸ்டனில் ஓட்டை விழலாம். வெளியே தெரியும் அறிகுறிகள் சிறியவை: காலையில் தாமதமாக ஸ்டார்ட் ஆவது, ஐட்லிங்கில் லேசான தடுமாற்றம், வெள்ளைப் புகை. வாங்க வருபவருக்குக் காட்டும் முன் வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினால் மூன்றும் மறைந்துவிடும்.

இன்ஜெக்டரை வாங்கிப் பூட்டினால் வேலை முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு. அதை எஞ்சினின் கணினியில் பதிய வேண்டும். அதற்குரிய ஸ்கேனரும் அதை இயக்கத் தெரிந்தவரும் தேவை. ஊர் மெக்கானிக்கின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்ததானாலும் இந்தப் பதிவை ஸ்பேனரால் செய்ய முடியாது.

டர்போ, புகைவாயுவின் வேகத்தால் சுழலும் காற்றுப் பம்ப். அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. தண்டையும் அதன் தாங்கியையும் பிரிப்பது ஓர் எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஆயில் மாற்றத் தவறிய ஒவ்வொரு தவணையும் அந்தப் படலத்தைக் கெடுக்கிறது. தாங்கி தேய்ந்து, சீல் விட்டால், எஞ்சின் ஆயில் காற்றுக் குழாய்க்குள் கசியும். டீசல் எஞ்சின் எஞ்சின் ஆயிலையும் எரிக்கும். கசிவு பெரிதானால் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து வேகம் ஏறும். அந்நேரம் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. சாவி டீசலை நிறுத்துகிறது; ஆயிலை அல்ல. மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை மிதித்து உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு நிறுத்தலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி இல்லை. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும்.

தண்ணீர் போன இடம்

ஆற்றைக் கடப்பது இத்தகைய வண்டியின் பெருமை. அதற்கு ஒரு விலை உண்டு. நீண்ட ஓட்டத்துக்குப் பின் டிஃபரன்ஷியல், அதாவது பின் சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, சூடாக இருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். வெளிக்காற்றை இழுக்க ஒரு சிறு மூச்சுக்குழாய் உண்டு. அது சேற்றால் அடைத்திருந்தால் பெட்டி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயிலோடு கலந்த நீர் பால் நிறக் குழம்பாகும். குழம்பு பற்களைக் காக்காது. ஒலி கேட்கத் தொடங்குவதற்குள் பற்களின் மேற்பரப்பு உரிந்திருக்கும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் விளைவு உடனடியானது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் பாதியில் நிற்கும். கனெக்டிங் ராட் வளையும். சிறிதளவே வளைந்த ராடோடு எஞ்சின் மீண்டும் ஓடவும் செய்யும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அது உடைந்து பிளாக்கைத் துளைக்கும். அப்போது வண்டி வேறொருவர் பெயரில் இருக்கும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் மூழ்கியது. தண்ணீரில் நின்ற வண்டிகள் அனைத்தும் உடைக்கப்படவில்லை. கழுவி, உலர்த்தி, சீட்டுத் துணி மாற்றி, பல வண்டிகள் சாலைக்குத் திரும்பின. 2013 மாடல் வண்டி ஒன்று இந்த இரண்டு வெள்ளத்தையும் பார்த்திருக்க முடியும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு வெளியே இழுத்தால் சுருளின் கடைசிப் பகுதியில் வண்டல் கோடு தெரியும். சீட்டுத் தண்டவாளத்தின் துரு, கார்பெட்டின் அடிப்பக்கம், ஃப்யூஸ் பெட்டியின் பச்சை பூத்த முனைகள் ஆகியவையும் அதையே சொல்லும்.

இதற்கு நேர்மாறான நிலையும் கேடுதான். நகரத்தில் மட்டுமே ஓடிய வண்டியில் நான்கு சக்கர இயக்கம் ஆண்டுக்கணக்கில் போடப்படாமல் இருந்திருக்கும். பயன்படாத இணைப்புகள் இறுகிவிடும். வாங்கியவர் முதன்முதலாக மணலில் மாட்டும்போதுதான் டாஷ்போர்டில் விளக்கு மின்னி மின்னி அணையாமல் நிற்கும்.

சேசிஸின் உள்பக்கம்

ஏணி சேசிஸின் நீள உத்தரங்கள் உள்ளே குழியானவை. சேறும் மணலும் துளைகள் வழியே உள்ளே சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. துரு உள்ளிருந்து தொடங்குகிறது. வெளியே கறுப்புப் பெயின்ட் அப்படியே இருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை விரைவாக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு இருந்தவரின் வண்டியும் கோவையில் நின்ற வண்டியும் ஒரே ஆண்டு, ஒரே கிலோமீட்டர் காட்டினாலும் ஒரே வண்டி ஆகாது.

விற்பனைக்கு முன் அடிப்பாகத்துக்குப் புதிதாகத் தார்ப் பூச்சு அடிப்பது வழக்கம். துரு இல்லாத இடத்தில் அது பாதுகாப்பு. துரு ஏறிய இடத்தில் அது ஈரத்தை உள்ளே வைத்து மூடும் உறை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். தட்டிப் பார்க்க விடாத விற்பனையாளர் அதன் மூலமே ஒரு தகவலைத் தந்துவிடுகிறார்.

இறக்கத்தில் பிரேக்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 தரத்தில் புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இது. வெளி சர்வீஸ்களில் அதிகம் மறக்கப்படுவதும் இதுதான், ஏனெனில் சமதளத்தில் பழைய ஆயிலும் வேலை செய்யும்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70. இரண்டு டன்னுக்கு மேலான எடையுடன் ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் வெப்பம் டிஸ்க்கிலிருந்து காலிப்பருக்கும் அங்கிருந்து ஆயிலுக்கும் பரவும். ஆயிலில் சேர்ந்த நீர் கொதித்து ஆவியாகும். ஆவி அழுந்தும். பெடல் தரைவரை போகும். சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது. எந்த எச்சரிக்கை விளக்கும் முன்கூட்டி எரியாது.

டயரும் இதே வகை. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2216 என்றால் 2016ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ஆழமான பட்டன்கள் உள்ள பத்து வயது டயர் பார்வைக்குப் புதியது. அதன் ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு இழையும் பிரியத் தொடங்கியிருக்கலாம். ஸ்டெப்னி பெரும்பாலும் வண்டியின் வயதிலேயே இருக்கும். வழியில் பஞ்சரானால் மாட்டப்போவது அதைத்தான்.

ஏர்பேக்

டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் வெடிபொருள், நீண்ட காலம் வெப்பமும் ஈரமும் பட்டால் சிதைகிறது. சிதைந்தது எதிர்பார்த்ததைவிட வேகமாக வெடிக்கும். அதைச் சுற்றியுள்ள உலோக உறை சில்லுகளாகி ஓட்டுநரின் கழுத்துக்கும் முகத்துக்கும் வரும். அமெரிக்காவில் மட்டும் 25 பேருக்கு மேல் இறந்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. அந்த நிறுவனம் 2017இல் திவாலானது.

பல நிறுவனங்களின் பல மாடல்கள் அந்தப் பட்டியலில் வந்தன. மிட்சுபிஷியின் சில மாடல்களும் உண்டு. எல்லா வண்டியிலும் அந்த ஏர்பேக் இல்லை. எந்த வண்டியில் இருக்கிறது என்பதைச் சேசிஸ் எண்ணை வைத்துத்தான் அறிய முடியும். நிறுவனம் திரும்பப் பெறும் கடிதத்தை முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கும். மூன்றாவது உரிமையாளருக்கு அது வராது. இந்த வெடிபொருள் கெடுவதற்கான மூன்று காரணிகள் வெப்பம், ஈரம், வயது. தமிழகக் கடற்கரையில் 13 ஆண்டு நின்ற எந்த மாடல் வண்டிக்கும் மூன்றும் கிடைத்திருக்கின்றன.

உதிரிபாகம்

ஒரு மாடல் விற்பனையில் இருக்கும்வரை அதன் பாகங்கள் டீலர் கிடங்கில் இருக்கும். விற்பனை நின்றபின் டீலர் கடைகள் குறையும். ஃபில்டர், பிரேக் பேட், பேரிங் ஆகியவை வெளிச்சந்தையில் கிடைக்கும். ஹெட்லைட், கதவுக் கண்ணாடி, ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டி, கியர்பாக்ஸ் கணினி ஆகியவை அப்படிக் கிடைப்பதில்லை. தாய்லாந்திலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரவழைக்க வேண்டும், அல்லது உடைத்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். முதல் வழியில் சுங்கமும் வாரக்கணக்கான காத்திருப்பும் சேரும். இரண்டாவது வழியில் கிடைக்கும் பாகத்துக்கும் அதே வயதுதான்.

டீலர் மூடும்போது வண்டியின் சர்வீஸ் வரலாறும் பெரும்பாலும் கைக்கு எட்டாமல் போகிறது. ஓடிய தூரம் ஆர்.சி.யில் பதியப்படுவதில்லை. ஓடோமீட்டரின் எண்ணைக் கணினி கொண்டு குறைக்க முடியும். முன்பு அதை அம்பலப்படுத்தியது டீலரின் சர்வீஸ் பதிவு. அந்தப் பதிவு இல்லாதபோது எஞ்சுவது விற்பவரின் வாய்மொழி.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் பாகத்துக்காகக் காத்து நிற்கும் நாட்களுக்கு பில் வராது. ஆனால் அந்த நாட்களில் டயர் ஒரே இடத்தில் அழுந்துகிறது, பேட்டரி இறங்குகிறது, உரிமையாளர் வாடகைக் காரில் போகிறார்.

ஆவணங்கள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 41இன்படி தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2013இல் பதிவான வண்டியின் ஆர்.சி. 2028இல் முடியும். 2026இல் வாங்குபவர் விலை கொடுப்பது ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு. அதன்பின் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். தேறினால் ஐந்து ஆண்டு கூடும். 2022 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இறக்குமதி வண்டிக்கு 40,000. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்தவற்றுக்குக் காருக்கு 10,000, இறக்குமதிக் காருக்கு 80,000 என்று அறிவிக்கப்பட்டது. பஜேரோ ஸ்போர்ட் உள்நாட்டில் பூட்டப்பட்டது. முழு வண்டியாக இறக்குமதியான மாண்டெரோ போன்றவற்றை வாங்குபவர் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். கட்டணங்கள் போகும் திசை ஒன்றுதான்.

டெல்லிப் பதிவு வண்டிகள் தனி வகை. தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபர் 29இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை வேண்டாம் என்ற இடைக்கால உத்தரவு வரும்வரை, அங்குள்ள உரிமையாளருக்கு விற்பதற்கு வலுவான காரணம் இருந்தது. விற்கப்போகிறோம் என்று தெரிந்த வண்டிக்கு ஒன்பதாம் ஆண்டில் யாரும் டைமிங் பெல்ட் மாற்றுவதில்லை. அந்த வண்டிகள் என்.ஓ.சி.யுடன் தெற்கே வந்தன.

என்.ஓ.சி. என்பது வேறு மாநிலத்தில் பதியத் தடையில்லை என்ற சான்று. அது பதிவு ஆகாது. பிரிவு 47இன்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலப் பதிவெண் பெற வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைக் கேட்டு அங்கேதான் மனுச் செய்ய வேண்டும். என்.ஓ.சி. வாங்கியபின் புரோக்கர் கையில் பெயர் மாறாமல் மூன்று நான்கு பேரிடம் போன வண்டிக்கு, அந்த மனுவில் கையெழுத்திடுபவரைத் தேடுவதே தனி வேலை.

சைலன்சர் மாற்றியது, உயரம் ஏற்றியது, பெரிய டயர் போட்டது ஆகியவை ஆஃப்-ரோட் வண்டிகளில் சாதாரணம். பிரிவு 52இன்படி ஆர்.சி.யில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. முன்னால் பூட்டும் இரும்பு புல் பாருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. இந்த மாற்றங்களுக்காக விற்பவர் கூடுதல் விலை கேட்பார். தகுதிச் சோதனையில் அவற்றைக் கழற்றும் செலவு வாங்கியவருடையது.

காப்பீட்டுக் கணக்கு

சொந்தச் சேதக் காப்பீட்டில் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுவரை 40 சதவீதம், பத்து ஆண்டுக்கு மேல் 50 சதவீதம். 13 வயது வண்டியில் பம்பரோ பானட்டோ மாற்றினால் பாதி விலையை உரிமையாளர் தருகிறார். தேய்மானமே கழிக்காத கூடுதல் பாலிசிகள் பெரும்பாலும் சில ஆண்டு வயதுள்ள வண்டிகளுக்கே கிடைக்கின்றன. பெல்ட் அறுந்தது, டர்போ போனது, கியர்பாக்ஸ் நின்றது ஆகியவை இயந்திரப் பழுது. சாதாரண பாலிசி அவற்றுக்கு எதுவும் தராது.

வண்டியின் காப்பீட்டு மதிப்பு, அதாவது முழுச் சேதமானால் கிடைக்கும் உச்சத் தொகை, ஐந்து ஆண்டுக்குப் பின் நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழுச் சேதமாகக் கணக்கிடப்படும். எடுத்துக்காட்டாக, மதிப்பு நான்கு லட்சம் என்றால் எல்லை மூன்று லட்சம். முன்பக்கம் ஒருமுறை இடித்து ஹெட்லைட், ரேடியேட்டர், ஏர்பேக் மூன்றும் போனால் இரண்டு டன் வண்டி பழைய இரும்பாகிவிடும். அதற்கு முந்தைய மாதம் எஞ்சினுக்குச் செய்த செலவு அந்த மதிப்பில் சேராது.

பெயர் மாற்றத்தோடு காப்பீடு தானாக முழுமையாக மாறுவதில்லை. வாங்கிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் மூன்றாம் நபர் காப்பு தொடரும். சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது. 15ஆம் நாள் விபத்து நடந்தால் அந்தச் செலவு முழுவதும் புதியவருடையது.

பார்க்க வேண்டிய வரிசை

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டைப் பார்க்க வேண்டும். முந்தைய இரவு முழுவதும் நின்ற வண்டி என்பதை பானட்டில் கைவைத்து உறுதிசெய்யலாம். ஸ்கேனரை இணைத்துப் பிழைக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். அன்று காலையில்தான் அவை அழிக்கப்பட்டனவா என்பதையும் நல்ல ஸ்கேனர் காட்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி சேசிஸைத் தட்ட வேண்டும். டிஃபரன்ஷியல் பெட்டியின் மேல் போல்ட்டைத் திறந்து ஆயிலின் நிறம் பார்க்க வேண்டும். மண் தரையில் நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ்ந்த கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயிலில் நீரளவைச் சோதிக்கும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சேசிஸில் பொறித்த எண்ணும் ஆர்.சி. எண்ணும் ஒன்றா, கடன் பதிவு நீங்கியதா, அபராதம் நிலுவையா என்பதைப் பரிவாகன் தளத்திலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் பார்க்கலாம்.

இவ்வளவையும் செய்ய ஒரு பகல் போதும். இவற்றில் தேறும் வண்டிகளும் உண்டு. அவற்றின் உரிமையாளர்களிடம் பில்கள் வரிசையாக இருக்கும், விலையும் மற்றதைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல், ஏற்கெனவே செய்த வேலைகளுக்கான தொகை.

முதல் ஆண்டு

பில் இல்லாத வண்டியில் முதல் மாதமே செய்ய வேண்டியவை: இரண்டு பெல்ட்டுகளும் அவற்றோடு சேர்ந்தவையும், எல்லா ஆயில்களும், கூலன்ட் குழாய்கள், பிரேக் ஆயில், ஐந்து டயர்கள், பேட்டரி. ஆறு மாதத்துக்குள் எதிர்பார்க்க வேண்டியவை: சஸ்பென்ஷன் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், இன்ஜெக்டர் சோதனை, ஏசி கம்ப்ரசர். ஓராண்டுக்குள் வேறு மாநில வண்டி என்றால் பதிவும் வரியும். இரண்டாம் ஆண்டின் முடிவில் தகுதிச் சோதனை. இந்தப் பாகங்களில் இதுவரை மாற்றப்படாதவை எல்லாம் ஒரே ஆலையில், ஒரே வாரத்தில் பூட்டப்பட்டவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கமான இடைவெளியில் முடிகின்றன.

இந்தப் பட்டியலில் பில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் எதிரே மெக்கானிக்கிடம் கேட்டு ஒரு தொகை எழுதுங்கள். விற்பவர் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டு, அந்த வண்டிக்கு அவர்கள் தரும் உச்ச மதிப்பை அதன் கீழே எழுதிக் கழியுங்கள். மிஞ்சும் எண், வண்டி ஒரே இரவில் இல்லாமல் போனால் யாரிடமிருந்தும் திரும்பக் கிடைக்காத பணம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த எண் கையில் இருக்கட்டும்.